தவிட்டம்மாள் பெயர் மாற்ற விண்ணப்பம்

அருப்புக்கோட்டையில் ஷ்ரேயா, ஹர்ஷினி, வர்ஷா என்பதெல்லாம் மூட்டுவலிக்காரப் பாட்டிகளின் பெயராகிவிட்ட காலம் அது. தெருவுக்கு நாலு யாழினி, ஆறு முகிலன் என்று தமிழ் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில், பதினோரு மாதமும் இருபத்தாறு நாளும் ஆன பெண்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பிறப்புப் பதிவு அலுவலகத்தின் மூன்றாம் எண் ஜன்னலில் நின்றாள் மகிழினி. குழந்தையின் பெயர் தவிட்டம்மாள்.

"பேரை மாத்தணும் சார். நாலு நாள்ல ஒரு வயசு முடிஞ்சிரும்."

ஒரு வயது முடிந்தால் பெயர் உறைந்துவிடும். அதற்கப்புறம் குலதெய்வமே நேரில் வந்து மனுப் போட்டாலும் மாற்ற முடியாது. சட்டம் அப்படி.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தர் ரோஷனுக்கு ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம். அந்த ஒன்றரை வருஷத்தை யாரும் கலைத்துவிடாமல் ஓட்ட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு லட்சியம் இல்லை. அவர் திரையைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார்.

"யாரும்மா வச்சது இந்தப் பேர?"

"வீட்ல சார்."

"வீட்ல யாருக்கு இந்தப் பச்சப் புள்ள மேல இம்புட்டுக் கோவம்?"

மகிழினிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் குழந்தைக்கு முன்னால் இரண்டு பெற்றிருந்தாள். ஆழினி, முத்தெழில். அழகழகான பெயர்கள், நாலு புத்தகத்தைப் புரட்டித் தேடி எடுத்தவை. இரண்டுமே நாலாம் மாதத்தில், தூங்கிக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்று போய்விட்டன. டாக்டர்கள் மூன்று மொழியில் காரணம் சொன்னார்கள். ஒரு மொழியிலும் பிள்ளை திரும்பி வரவில்லை.

மூன்றாவதை வயிற்றில் சுமந்துகொண்டிருந்தபோது கணவனின் அக்கா ப்ரீத்தி மதினி வந்தாள். காலேஜில் இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறவள், அணுவைப் பிளந்து பார்த்தவள். அவள் உட்கார்ந்து சொன்னாள்: "இந்தத் தடவ புள்ளையத் தவிட்டுக்கு வித்துருவோம் மகிழு. எமன் நல்ல பேரு எங்க இருக்குன்னுதான் தேடிட்டு வர்றான். தவிடுன்னு பேரு வச்சா, சீ இது எதுக்குன்னு போயிருவான்."

"மதினி, நீங்க பிசிக்ஸ் படிச்சவுக."

"படிச்சதுனாலதான் சொல்றேன். பிசிக்ஸ்ல இதுக்கு ஒண்ணும் இல்ல."

அந்தக் குடும்பத்து முறை இதுதான். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுவதற்குள் குழந்தையை அடுத்தவர் கையில் விற்றுவிட வேண்டும். அப்புறம் வீட்டு வாசலில் வைத்து, ஒரு படி தவிடு அளந்து கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். எமனுக்கு யார் பிள்ளை என்று விலாசம் குழம்பிவிடும். பக்கத்து வீட்டு வர்ஷா அக்கா வாங்கிக்கொண்டாள். மாவு அரைத்து விற்கிறவள், பிள்ளையில்லாதவள், புருஷன் போய்ப் பத்து வருஷமாகிறது. வார்டில் கட்டிலருகே நின்று, "இந்தாக்கா, இது உம் புள்ள. பேரு தவிட்டம்மா. இனிமே எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல," என்று மகிழினி சொல்லிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் ஒரு படி தவிடு கைமாறியது, குழந்தையும் கைமாறியது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மகிழினி குழந்தையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. ஏய் என்பாள், பாப்பா என்பாள், எலிக்குட்டி என்பாள். நல்ல பெயரொன்றை மனசுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தாள். ஒரு வயது நெருங்கட்டும், ஆபத்து தாண்டட்டும் என்று பதினோரு மாதம் அதை வாய்க்குள்ளேயே மென்றுகொண்டிருந்தாள்.

"புதுப் பேரு என்ன?"

"அமுதினி." வாய்விட்டுச் சொல்வது இதுதான் முதல் முறை.

ரோஷன் தட்டிக்கொண்டே சொன்னார்: "மாத்திரலாம். முன்னோடிய மூடணும், தெரியும்ல?"

"எங்க பாப்பாவுக்கு முன்னோடியே வரல சார். பதினேழு புகார் குடுத்திருக்கேன். பரிசீலனையில இருக்குன்னு பதினேழு பதில் வந்திருக்கு."

ரோஷன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். "வரலையா? இந்தா, ஜம்முன்னு இருக்கே. பதினோரு வயசு. கணக்குல கொஞ்சம் மட்டம். வாய் மட்டும் ரெண்டு முழம்."

பிள்ளை பிறந்து பெயர் பதிவானதுமே அரசாங்கம் ஒரு முன்னோடியை ஓட விடும்; மகிழினியின் முதல் இரண்டு பிள்ளைகளின் காலத்தில் இது கிடையாது. அதே ரத்தம், அதே பெயர், அதே வீடு, அதே தெருக்கொசு. உடம்பு மட்டும் கிடையாது. அது கணினிக்குள் நமது ஒரு மாதத்துக்கு ஒரு வருஷம் வளரும். பிள்ளைக்கு என்னென்ன வரப்போகிறதோ அதெல்லாம் முன்னோடிக்கு முதலில் வந்துவிடும்; உடம்பில்லாததால் அது பிழைத்துக்கொள்ளும். வந்ததும் காப்பாளரின் போனுக்குச் செய்தி போகும். காப்பாளர் தினம் அதோடு பேசி, பெயர் சொல்லிக் கூப்பிட்டு வளர்க்க வேண்டும். பிள்ளைக்கு ஒரு வயசு ஆனதும் அந்த வேக ஓட்டம் நின்று, அதற்கப்புறம் நம்மைப் போலவே வருஷத்துக்கு ஒரு வயசு.

"யாரு போனுக்கு சார் வருது?"

"வர்ஷாங்கிறவங்க. காப்பாளர் அவங்கதான். பதிவுல அப்படித்தான இருக்கு. வார்டுல காதுன்னு ஒரு கருவி இருக்கும்மா, கட்டிலுக்கு மேல. அது கேட்டதத்தான் எழுதும்." அவர் திரையிலிருந்து வாசித்தார்: "'இது உம் புள்ள. இனிமே எனக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.' நீதான சொன்ன?"

"அது சும்மா சார்! முறைக்கு! வீட்டுக்கு வந்து திருப்பி வாங்கிட்டோம்!"

"வீட்ல காது இல்லையே."

ஊரில் உள்ளவர்களெல்லாம் விற்பதையும் வாங்குவதையும் ஒரே இடத்தில் முடித்துவிடுவார்கள். இந்தக் குடும்பத்தில் மட்டும் விற்பது ஆஸ்பத்திரியில், வாங்குவது வீட்டில். பாதிக் கூத்தைத்தான் காது கேட்டிருக்கிறது. சட்டப்படி மகிழினி தன் பிள்ளையை விற்று முடித்த மகராசி.

"அவுக வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பேரு மாறும்," என்றார் ரோஷன்.

வர்ஷா அக்கா அரைமணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினாள். முழங்கை வரைக்கும் மாவு, இடுப்பில் செருகிய போன். மகிழினி நடு அலுவலகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

"எம் புள்ளையோட முன்னோடிய நீயாக்கா வச்சிருக்க?"

வர்ஷாவின் கை தன்னால் போய் இடுப்புப் போனை மூடிக்கொண்டது. அதுவே போதுமானதாக இருந்தது.

"பதினோரு மாசமா! பக்கத்துச் செவுரு! உப்பு வாங்க வர்ற, புளி வாங்க வர்ற, இத மட்டும் சொல்லத் தோணலையா? நீயெல்லாம் மனுசியா?"

"நீதானடி குடுத்த," என்றாள் வர்ஷா மெதுவாக.

"முறைக்குக் குடுத்தேன்!"

"எனக்கு எது முறை, எது நெசம்னு யாரு சொன்னா? மொதல்ல ஏதோ விளம்பரம்னு நெனச்சுத் தள்ளிவிட்டேன். பத்தாம் நாள் ஒரு செய்தி வந்துச்சு. நாலாம் மாசம் மூச்சு நிக்கும்னு."

மகிழினி இடுப்புக் குழந்தையின் மார்பில் கையை வைத்துப் பார்த்தாள்.

"அன்னைக்கே ஓடியாந்தேன் சொல்றதுக்கு. நீ புள்ளையப் பாக்காம செவுத்தப் பாத்துப் படுத்திருந்த. ரெண்டு போயி நீ இருந்த இருப்புல, இதையும் சொன்னா நீ அன்னைக்கே போயிருப்ப. டாக்டர்ட்ட போய்க் கேட்டேன். வந்தா என்ன செய்யணும்னு அந்தம்மா பொம்மைய வச்சுச் சொல்லிக் குடுத்துச்சு. திருப்பிப் போடணும், முதுகுல தட்டணும், ஊதணும். எப்ப வரும்னு மட்டும் அவுகளுக்கும் தெரியாதாம்."

நாலாம் மாதம் முழுக்க வர்ஷா அக்கா மகிழினி வீட்டிலேயே கிடந்தாள். எங்க வீட்டு ஃபேன் ஓடல என்றாள். முப்பது நாளும் ஓடாத ஃபேன் என்ன ஃபேன் என்று மகிழினி முணுமுணுத்திருக்கிறாள், காபி போட்டுப் போட்டுக் கை ஓய்ந்தது என்று புருஷனிடம் போனில் புலம்பியிருக்கிறாள். அவன் நாக்பூர்ப் பக்கம், தானாக ஓடும் லாரிக்குள் சட்டத்துக்காக உட்கார்ந்திருப்பவன், "பாவம், இருந்துட்டுப் போகட்டும்," என்றான். ஒரு செவ்வாய்க்கிழமை பட்டப்பகல் மூன்று மணிக்குத் தொட்டிலில் சத்தம் நின்றது. மகிழினி திரும்புவதற்குள் வர்ஷா குழந்தையைத் தூக்கிக் குப்புறப் போட்டுத் தட்டியிருந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. தெய்வாதீனமாக அக்கா அங்கே இருந்தாள் என்று மகிழினி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அது தெய்வாதீனமில்லை, முப்பது நாள் காவல் என்று இப்போதுதான் தெரிந்தது. அவளுக்குக் கோபமும் போகவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை.

"மாசம் தாண்டினப்புறமாச்சும் சொல்லியிருக்கலாம்லக்கா."

"சொல்லத்தான் வந்தேன். அதுவரைக்கும் அக்கான்னுட்டு இருந்தது, அன்னைக்குப் பாத்து என்னைய அம்மான்னுருச்சு." வர்ஷா மாவுக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அம்பத்தாறு வயசுல, முதத் தடவையா."

ரோஷன் தொண்டையைச் செருமினார். அவருடைய ஒன்றரை வருஷ அமைதிக்கு ஆபத்து வந்துகொண்டிருந்தது. "யம்மா, பேரு மாறுனா இத மூடித்தான் ஆகணும். பேருதான் வெத. கூப்புட்டுக் கூப்புட்டுத்தான் அது வளந்திருக்கு. பேர உருவுனா, தையல் நூல உருவுன மாதிரி மொத்தச் சட்டையும் பிரிஞ்சிரும்."

"மூடுறதுன்னா கொல்றதா?" என்றாள் மகிழினி.

"அந்த வார்த்தைய நாங்க சொல்லக் கூடாதுன்னு சுற்றறிக்கை வந்திருக்கு."

"எனக்குச் சுற்றறிக்கை இல்ல, நான் சொல்லலாம்," என்றது வர்ஷாவின் இடுப்பு. "கொல்றதுதான்."

வர்ஷா போனை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். திரையில் ஒரு பெண்பிள்ளை, இரட்டைச் சடை, மகிழினியின் மூக்கு. பிடிக்காததைப் பார்த்தால் ஒரு புருவத்தை மட்டும் தூக்கும் மகிழினியின் பழக்கமும் அங்கே இருந்தது.

"வணக்கம் சித்தி. செவுத்துக்கு அந்தப் பக்கம் உங்க சத்தம் மட்டும் கேட்டிருக்கேன். நேர்ல கொஞ்சம் குட்டைதான்."

பெற்ற பிள்ளை போல இருப்பது சித்தி என்று கூப்பிட்டதும் மகிழினிக்குச் சுருக்கென்றது. "உனக்கு... உன்னையப் பத்தி எல்லாம் தெரியுமா?"

"தவிட்டுக்கு வாங்குனது தானே? அம்மா கோவம் வந்தா அதத்தான் சொல்லும். எங்க வகுப்புல முப்பத்திரண்டு பேரு, முப்பத்திரண்டு பேரையும் தவிட்டுக்குத்தான் வாங்குனாகளாம். பேரு மட்டும்தான் எனக்கு வச்சிட்டாக. அந்தப் பேர வச்சு நான் பட்ட பாடு இருக்கே, மூணாப்புல ஒருத்தன் மாட்டத் தேடி வந்தான் சித்தி, தவிடு வைக்கணும்னு."

மகிழினி சிரித்துவிட்டாள். சிரித்தபடியே அழுதாள். இடுப்பில் இருந்த குழந்தை போனைப் பார்த்து எச்சில் ஒழுகக் கையை நீட்டியது.

"நான் போடுறேன் கையெழுத்து," என்றாள் வர்ஷா திடீரென்று. "உசிரோட ரத்தமும் சதையுமா இருக்கிற புள்ளைக்கு நல்ல பேரு வேணும்ல. பெத்தவ கேக்குறா. நான் யாரு மறுக்கிறதுக்கு?" பேனாவை எடுத்தாள். அவள் போனின் பக்கம் பார்க்கவேயில்லை.

மகிழினிக்கு வேண்டியது அந்தக் கையெழுத்துத்தான். பதினோரு மாதம் மென்ற பெயர், நாலே நாள் பாக்கி. வர்ஷாவின் பேனா காகிதத்தைத் தொட்டபோது, தன் கை தானாக நீண்டு அதைப் பிடுங்குவதை மகிழினியே பார்த்தாள்.

"இரு அக்கா. ரெண்ட நான் மண்ணுக்குத் தூக்கிக் குடுத்தாச்சு. மூணாவதக் கையெழுத்துப் போட்டுக் குடுக்க மாட்டேன்."

"அப்ப அமுதினி?"

"அவளும் வேணும்." மகிழினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "சார், ஒரு வழி சொல்லுங்க."

"வழியெல்லாம் இல்லம்மா."

"இருக்கு," என்றது தவிட்டம்மாள். "பிறந்ததுல இருந்து உங்க விதிமுறைக்குள்ளதான் குடியிருக்கேன். படிக்க வேற என்ன இருக்கு இங்க? தாமதப் பதிவு. பிறந்தப்பப் பதியாத குழந்தைய, ஒரு வயசுக்குள்ள தாய் வாய்மொழியா சொல்லிப் பதியலாம், ஒரு சாட்சி போதும்."

"இது ஏற்கெனவே பதிஞ்ச குழந்தை பாப்பா," என்றார் ரோஷன். "இங்க இருக்கிற காது குதிகால்ல ரத்தம் எடுக்கும். உன் ரத்தமும் இது ரத்தமும் ஒண்ணுன்னு காட்டிக் குடுத்துரும்."

"ஒண்ணாத்தான் இருக்கும். அதுக்குத்தான் ஏழாவது கேள்வி வச்சிருக்கீங்க. இரட்டைப் பிறப்பா?"

ரோஷன் ஏழாவது கேள்வியைத் திரையில் ஒருமுறை வாசித்துப் பார்த்தார். "ஆஸ்பத்திரிப் பிரசவப் பதிவுல ஒரு புள்ளைன்னு இருக்குமே?"

"பத்து மாசத்துக்கு மேல வைக்கிறதில்ல. விதி நாப்பத்தொண்ணு. ஆனா ஒண்ணு சித்தி, தாமதப் பதிவுக்கு முன்னோடி குடுக்க மாட்டாங்க. அதனாலதான் யாரும் அதுல பதியறதில்ல. பாப்பாவுக்கு இனிமே எது வந்தாலும் அரசாங்கம் முன்கூட்டிச் சொல்லாது."

"பன்னண்டு வயசு வரைக்கும் வர்றதெல்லாம் உனக்கு வந்து முடிஞ்சிருச்சுல்ல?"

"எனக்கு வந்தது எனக்குத் தெரியும்."

"அப்ப நீ சொல்லு. அரசாங்கம் எதுக்கு?"

ரோஷன் எழுந்தார். "நான் டீ குடிக்கப் போறேன். எனக்கு இங்க பேசுனது எதுவும் தெரியாது. காது கேக்கும். அது கேட்டதத்தான் எழுதும்." தாமதப் பதிவுப் பொத்தானைத் தட்டிவிட்டு, வடையும் சாப்பிடப்போகிற நடையில் வெளியே போனார்.

ஜன்னலுக்கு மேலிருந்த காதுக் கருவி விழித்துக்கொண்டது. ஊசியை நீட்டிக் குழந்தையின் குதிகாலில் சுருக்கென்று குத்திவிட்டுப் பேசியது. "இந்த ரத்தம் ஏற்கெனவே பதிவில் உள்ளது. இரட்டைப் பிறப்பா?"

"ஆமா. ரெட்டப் புள்ள."

"மூத்த குழந்தை எது?"

"தவிட்டம்மா."

"மூத்த குழந்தை யாரிடம் உள்ளது?"

மகிழினி வர்ஷாவைப் பார்த்தாள். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் போனுக்குள் இருப்பதும் அவளுடையதாகிவிடும். அதே மூக்கு, அதே புருவம், பெறாமல் பெற்றது. ஆசை நெஞ்சு வரைக்கும் வந்துவிட்டது. "வர்ஷா அக்காட்ட. தவிட்டுக்குக் குடுத்துட்டேன். குடுத்தது குடுத்ததுதான்."

"மூத்த குழந்தை உயிருடன் உள்ளதா?"

போனுக்குள் தவிட்டம்மாள் புருவத்தை இறக்கிவிட்டு, முதல் முறையாக ஒன்றும் பேசாமல் நின்றுகொண்டிருந்தாள். பயந்துபோன பதினோரு வயதுப் பிள்ளையாக மட்டும் தெரிந்தாள்.

"ஆமா," என்றாள் மகிழினி. "நல்லா இருக்கா. வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி."

"இளைய குழந்தையின் பெயர்?"

"அமுதினி," என்றாள். மறுபடியும் சொன்னாள். கருவி ஒரு தடவைதான் கேட்டிருந்தது.

சாட்சி: வர்ஷா. மாவு ரேகை திரையில் நன்றாகவே பதிந்தது.

பதிவில் இரண்டு பிள்ளை இருந்தால் இரண்டுக்கும் வரவேண்டியது வரும். மாதம் ஒருமுறை எடை பார்க்கும் நர்ஸ் இனியா மூன்றாவது தடவையாக வந்தாள். அவள் முதலில் மகிழினி வீட்டுக்குள் நுழைந்து தராசை விரித்து, "அமுதினி, ஒன்பது கிலோ நூறு," என்று எழுதிக்கொண்டாள். தராசை மடித்து, செருப்பை மாட்டி, தெரு வழியாகச் சுற்றிப் பக்கத்து வீட்டு வாசலுக்கு வருவதற்கு அவளுக்கு நாலு நிமிஷம் ஆகும். அந்த நாலு நிமிஷத்தில் மகிழினி கொல்லைச் சுவருக்கு மேலே குழந்தையை நீட்டினாள்.

"இந்தாக்கா, தவிட்டுக்கு வாங்கிக்க."

"கொண்டா கொண்டா. சட்டைய மாத்தணும்."

மகிழினி சுவரோரம் நின்று காது கொடுத்தாள். அந்தப் பக்கம் தராசு விரிக்கும் சத்தம் கேட்டது.

"தவிட்டம்மாள், ஒன்பது கிலோ நூத்தி அம்பது," என்றாள் இனியா. "போன மாசமும் இப்படித்தான். ரெட்டைல இது மட்டும் எப்பவுமே அம்பது கிராம் கூட. அது எப்படிக்கா?"

"எங்க வீட்டுப் புள்ளைல்ல," என்றாள் வர்ஷா.

"நான் ஒண்ணும் குண்டு இல்ல!" என்று வர்ஷாவின் இடுப்பிலிருந்து ஒரு குரல் கத்தியது.

இனியா அந்த இடுப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் நூத்தி அம்பது என்றே எழுதிக்கொண்டு, குழந்தையின் வாய்க்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதி வாழைப்பழத்தை ஒரு விரலால் உள்ளே தள்ளிவிட்டாள்.